ஆலயத்திற்கு ஓர் இணையத்தளம்

ஆலயம் எழுப்ப முனைவோர் முதலில் வண்ணம் தேடுவதில்லை. நிலம் யார் பெயரில் உள்ளது, கருவறை எங்கு அமையும், அடியார்கள் எவ்வழி வருவர் என்பவற்றையே ஆராய்வர். ஆலயத்திற்கு இணையத்தளம் அமைப்பதற்கும் இதுவே முறை.

முதலாவதாக, வருவோரின் தேவையை அறிதல் வேண்டும். பூசை நேரம், திருவிழா நாள், உபயக் கட்டணம், மண்டபப் பதிவு ஆகியவற்றையே பெரும்பாலோர் தேடுகின்றனர். அதுவும் கைப்பேசியில், பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில். இவை முதற்பக்கத்திலேயே இருத்தல் நலம். தலைவரின் வாழ்த்துரையும் செயலவையினரின் நிழற்படமும் அடுத்த பக்கத்தில் அமைவதால் எவருக்கும் குறைவில்லை.

இரண்டாவது, தளத்தின் பெயர். அது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் சொத்தன்று. குறித்த காலத்திற்குப் பதிந்து, தவறாது புதுப்பிக்க வேண்டியது. ஆர்வமுள்ள தொண்டர் ஒருவர் தம் பெயரில் பதிவு செய்துவிட்டு அயல்நாடு சென்றுவிட்டால், நினைவூட்டு மடலும் அவருக்கே செல்லும். தவணை தவறினால் அப்பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ள இயலும். ஆகவே, பதிவு ஆலயத்தின் பெயரில் அமைதல் வேண்டும். புதிய செயலவை பொறுப்பேற்கும்போது, சாவிக்கொத்தோடும் கணக்கேடுகளோடும் கடவுச்சொற்களும் ஒப்படைக்கப்படல் வேண்டும். 2011ஆம் ஆண்டு முதல் ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழிலேயே முடியும் முகவரிக்கும் வழி உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

மூன்றாவது, எழுத்து. 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. ஒரு கணினியில் தட்டெழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. இன்று ஒருங்குறி அக்குறையை நீக்கியுள்ளது. பழைய மலர்களிலுள்ள ஆலய வரலாற்றையும் திருப்பணிச் செய்திகளையும் ஒருங்குறிக்கு மாற்றி ஏற்றுதல் இன்றியமையாதது. வெறும் படமாக ஏற்றினால் தேடுபொறிக்கு அவை எளிதில் அகப்படா. பார்வையற்றோரின் கணினி அவற்றை வாசித்துக் காட்டுவதும் அரிதாகும்.

நான்காவது, காவல். உபயகாரரின் அடையாள அட்டை எண், தொலைபேசி எண் போன்றவை பொதுப்பார்வைக்கு உரியன அல்ல. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அமைப்புகளுக்கு இக்கடமையை விதிக்கின்றது.

இவை அனைத்தையும் செய்த பின்னரும், சென்ற ஆண்டின் தைப்பூச நாளைக் காட்டி நிற்கும் தளம் அடியாரை ஏமாற்றவே செய்யும். தகவலைத் திருத்தும் பொறுப்பு இன்னார் உடையது எனத் தொடக்கக் கூட்டத்திலேயே குறிப்பேட்டில் பதிவாதல் வேண்டும். குடமுழுக்கோடு ஆலயப் பணி நிறைவுறுவதில்லை. நித்திய பூசையே அதனை வாழ்விக்கின்றது. இணையத்தளத்திற்கும் அஃதே பொருந்தும்.