பளபளப்பை நம்பாதீர்கள்

தி.நகர், அடையாறு பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2000-இல் தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலை முதலிய இடங்களில் கண்ணாடி தயாராகிறது. வெப்பத்தைத் தடுப்பது அதன்மேல் பூசிய வெள்ளிப் படலம். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

கண்ணாடியை உறுதியாக்க, உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். தொட்டா பார்க்க முடியும்? அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் அளக்கிறார்கள். அங்கேதான் வம்பு. பூச்சுப் பக்கம் தன் சூட்டை அதிகம் வெளிவிடாது. சுற்றியிருக்கும் உலையின் சூட்டையே பிரதிபலிக்கும். கருவி ஏமாந்துவிடும். அதனால் பூச்சில்லாத அடிப்பக்கத்தில் அளக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்திலும் இக்கருவி சூட்டைக் குறைத்தே காட்டலாம். நம்பித் தொட்டுவிடாதீர்கள்!