கதிர்வீச்சுச் சூழலில் ஒளியிழை: மாநாட்டுத் தலைமை உரை

நூலும் பின்னலும் பிழைப்பாக அமைந்த அவிநாசி வட்டாரத்துச் சேவூரில் ஒளியிழை பற்றிய அறிஞர் அவை கூடுவது மிகவும் பொருத்தமானது. இம்மாநாடு ஆராய எடுத்துக்கொண்ட பொருள், அணு உலை, துகள் முடுக்கி, செயற்கைக்கோள் ஆகிய கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் அந்த இழையின் செயல்திறன் எவ்வாறு மாறுகிறது என்பதாகும்.

கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் கீழே கொண்டுவரலாம் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எடுத்துரைத்தனர்; 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினர். இன்றைய சிலிக்கா இழையில், 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில், இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல் மட்டுமே. அதாவது ஒளி பாதியாகக் குறைவதற்கு அது 15 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். இத்தனை அரும்பாடுபட்டுப் பெற்ற தெளிவைத்தான் கதிர்வீச்சு குலைக்கிறது.

காமாக் கதிர் சிலிக்காவை ஊடுருவும்போது எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கிறது. பெயர்ந்த எலக்ட்ரான்களும், அவை விட்டுச்சென்ற வெற்றிடங்களாகிய துளைகளும், கண்ணாடியின் அணுவலையில் உள்ள குறைபாடுகளிலும் அயல் அணுக்களிலும் சிக்கி நிலைகொள்கின்றன. அவ்வாறு சிக்கி, குறிப்பிட்ட அலைநீளத்து ஒளியை உறிஞ்சும் இடம் நிறமையம் எனப்படும். வலையில் ஒருபுறம் மட்டும் சிலிக்கானோடு பிணைந்து நிற்கும் ஆக்சிஜன் 620 நானோமீட்டர் அருகே சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. பாஸ்பரஸ் கலந்த இழையிலோ 1,600 நானோமீட்டர் அருகே, தகவல் தொடர்புக்கு உரிய அகச்சிவப்புப் பகுதியிலேயே, உறிஞ்சல் எழுகிறது. ஆகவேதான் கதிர் தாங்கும் இழைகளில் உள்ளகத்தைத் தூய சிலிக்காவாக வைத்து, ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கும் ஃபுளூரினை வெளியுறையில் சேர்க்கின்றனர். நியூட்ரான்கள் மிகுந்த இடத்தில் கண்ணாடியின் அடர்த்தியே மாறுவதும் உண்டு.

நிறமையங்கள் தோன்றும்போதே அழியவும் செய்கின்றன என்பது இத்துறையின் மிகக் கடினமான செய்தி. வெப்பமும், இழையினுள் செல்லும் ஒளியும் சிக்கிய மின்னூட்டங்களை விடுவிக்கின்றன. எனவே ஒரு கிலோகிராம் பொருள் ஏற்கும் ஆற்றலைக் கிரே என்னும் அலகில் குறிக்கும் கதிரேற்பளவு ஒன்றாகவே இருந்தாலும், அது சில மணி நேரத்தில் செலுத்தப்பட்டதா, பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து இழப்பு வேறுபடுகிறது. கோபால்ட்-60 அறையில் விரைந்து நடத்தும் சோதனையின் எண்ணை, பல பத்தாண்டுகள் இயங்கவேண்டிய உலைக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. இழை இழுக்கப்படும் வேகமும் இழுவிசையும்கூட முடிவை மாற்றுகின்றன. ஒரே நம்பர் நூலானாலும் லாட் மாறினால் துணியில் ஷேடு மாறிவிடுவதைக் கண்ட இப்பகுதியினருக்கு இது புதிதன்று.

இக்கேள்வி தமிழகத்திற்கு அயலானதன்று. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், வேக ஈனுலைகளைக் குளிர்விக்கும் சோடியத்தின் கசிவை அறிவதற்கு ராமன் வகை வெப்ப உணரிழைகள் ஆராயப்பட்டுள்ளன. 1928இல் சி. வி. ராமன் கண்ட விளைவே இதன் அடிப்படை. லேசர் துடிப்பு ஒன்று இழைக்குள் சென்று சிதறித் திரும்பும்போது, நெடிய அலைநீளம் கொண்ட ஸ்டோக்ஸ் ஒளிக்கும் குறுகிய அலைநீளம் கொண்ட எதிர் ஸ்டோக்ஸ் ஒளிக்கும் உள்ள விகிதம் வெப்பநிலையையும், திரும்பும் நேரம் இடத்தையும் தெரிவிக்கின்றன. நீண்ட குழாய் வழி முழுவதையும் ஒரே இழை காவல் காக்க முடிகிறது. ஆனால் உலையின் முதற்சுற்றுச் சோடியம் நியூட்ரான் பட்டுச் சோடியம்-24 ஆகி, ஏறத்தாழ 15 மணி நேர அரைவாழ்வோடு வலிய காமாக் கதிரை உமிழ்கிறது. அத்தகைய கதிர் படும் இழையில் குறுகிய அலைநீளமே பெரும்பாலும் மிகுதியாக இழக்கப்படுவதால், எதிர் ஸ்டோக்ஸ் ஒளியின் விகிதம் சரிந்து, கருவி உள்ளதைவிடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டக்கூடும். கசிவை அறிவிப்பதற்கென்றே அமைத்த கருவி அதை மறைத்துவிடும் நிலை இது. ஒளி இழப்பு என்னும் சொல்லால் மட்டும் இதன் கடுமையை உணர்த்திவிட முடியாது. இழையை வளையமாக அமைத்து இரு முனைகளிலிருந்தும் அளந்தால் இப்பிழையைப் பெருமளவு நீக்கலாம்.

மறுபுறம், தொடர்புக்கு ஆகாதென ஒதுக்கப்படும் பாஸ்பரஸ் இழையின் நிறமையங்கள் எளிதில் அழியாமையால், ஏறும் இழப்பைக் கொண்டே கதிரேற்பளவை அளக்க முடிகிறது. ஜெனீவாவிலுள்ள செர்ன் முடுக்கி வளாகத்தில் இம்முறை நடைமுறையில் உள்ளது.

இம்மாநாட்டில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் ஏற்பளவை மட்டும் கூறி அமையாமல், ஏற்பு வேகம், வெப்பநிலை, அலைநீளம், செலுத்திய ஒளியின் திறன், இழையின் வேதிக்கலவை, கதிர் நிறுத்தப்பட்ட பின் இழை மீண்ட காலம் ஆகியவற்றையும் அளவோடு தருதல் வேண்டும். தராத கட்டுரையாளரிடம் அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை அவைக்கு உண்டு. குறைந்த ஏற்பு வேகத்தில் ஆண்டுக்கணக்கில் நடத்தவேண்டிய சோதனைகளை எந்தெந்த ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்வது என்பதை நிறைவு அமர்வுக்கு முன்பே முடிவு செய்யுமாறும் இவ்வவை கேட்டுக்கொள்ளப்படுகிறது.