பிரித்துத்தான் வைத்தது!

(தலைப்பு: ஊரடங்கு நாட்கள் உறவுகளைச் சேர்த்து வைத்தனவா? பிரித்து வைத்தனவா? – 'பிரித்து வைத்தன' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'சேர்த்து வைத்தது, சேர்த்து வைத்தது' என்று மூச்சு விடாமல் பேசிவிட்டு, ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)  

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரொம்ப உருக்கமாகப் பேசினார். "எங்க வீட்டுல நாலு பேரும் மூணு வேளையும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம்மா! தாயம் விளையாடினோம்மா! பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம்மா!" என்றார். கேட்கவே நல்லாத்தான் இருந்தது. அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மூணு வேளையும் நாலு பேரும் உட்கார்ந்தீங்க, சரி. பரிமாறினது யாரு? (கைதட்டல்) ஆல்பம் பார்க்கும்போது அடுப்பில் பால் பொங்குதான்னு பார்த்தது யாரு?

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். காலை ஆறு மணிக்கு ஒரு கட்டன் சாயா. எட்டு மணிக்கு ஒரு பால் சாயா. பதினொரு மணிக்கு, "சும்மாதானே இருக்கே, ஒரு சாயா போடேன்." சும்மா இருக்கேனாம்! (சிரிப்பு) அது நல்ல சக்கை சீசன் வேற. சந்தைக்குப் போக முடியாது, வீட்டுக்குப் பின்னால் மரம் நிறைய சக்கை. சக்கை அவியல், சக்கைத் துவரன், சக்கைக்கொட்டை போட்டுக் குழம்பு, சாயங்காலம் சக்கை வற்றல். எட்டாம் நாள் என் மகன் தட்டைப் பார்த்துட்டுக் கேட்டான், "அம்மா, இந்த ஊரடங்கு சக்கைக்குக் கிடையாதா?" (பலத்த சிரிப்பு)

ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன் நடுவர் அவர்களே. 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது. அன்றைக்கே மதுக்கடையும் பூட்டியாச்சு. மே 7-ஆம் தேதிதான் திறந்தார்கள். நாற்பது நாளுக்கு மேலே! அந்த நாற்பது நாள் நிம்மதியாகத் தூங்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆறு மணிக்கு மேல் அப்பா குரலைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போகிற பிள்ளைகள், அப்பா மடியில் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். உண்மை. ஆனால் அந்த வீட்டைச் சேர்த்து வைத்தது ஊரடங்கா, கடையடைப்பா? அதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வையுங்கள், நான் எதிரணியிலேயே வந்து பேசுகிறேன்! (கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் செய்கிற தவறு எங்கே இருக்கிறது தெரியுமா? உறவு என்றால் வீட்டுக்குள்ளே இருக்கிற நாலு பேர் என்று எண்ணிவிட்டார்கள். எங்கள் ஊரில் உறவு அப்படி நாலு சுவருக்குள் அடங்குவது கிடையாது. நாகர்கோவிலில் ஒருத்தர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால், செட்டிகுளத்தில் பேச்சு ஆரம்பித்தால், பார்வதிபுரம் தாண்டுவதற்குள் "உங்க மாமா எங்க சித்தப்பாவுக்கு மச்சினன்லா!" என்று முடிந்துவிடும். (சிரிப்பு)

பக்கத்து வீட்டுக்காரர் உறவு இல்லையா? கோவில் மணியும், தேவாலய மணியும், பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் வந்து காதில் விழுகிற மாவட்டம் இது. அந்த 2020-ல் ஏப்ரல் 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர், 14 சித்திரை விஷு. மே 25 ரம்ஜான். ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டுப் பாயசத் தூக்குவாளி மதில் தாண்டிப் போகும். பதிலுக்கு அங்கேயிருந்து கேக் வரும், பிரியாணி வரும். காலிப் பாத்திரமாகத் திரும்பக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். அந்த வருஷம் ஒரு பாத்திரமும் மதிலைத் தாண்டவில்லை. கொடுத்தால் வாங்குவாங்களோ, வாங்கினால் சாப்பிடுவாங்களோ என்று எங்களுக்கே தயக்கம்.

எங்கள் தெருவுக்கு ஒரு அக்கா மீன் கொண்டு வருவாங்க. பதினொரு மணி ஆனால் குரல் கேட்கும். சாளையா, நெத்திலியா, அன்றைக்குக் கடல் என்ன தந்ததோ அது. கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார்கள். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்கு மேல் சுகமில்லை, எல்லாச் செய்தியும் அந்தப் படியில்தான். ஊரடங்கில் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். என் மகள் செம்பைக் கொண்டுபோய், நாலடி தள்ளி மதில் மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க அக்கா" என்றாள். பிள்ளை மேல் தப்பில்லை, டிவியில் சொன்னதைத்தான் செய்தாள். ஆனால் அந்த அக்கா செம்பைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். "பரவாயில்ல மக்ளே, தாகம் அடங்கிட்டு" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள்.

நடுவர் அவர்களே, 'தள்ளி நில்' என்கிற வார்த்தை எங்கள் மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இன்னார் இன்னாருக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே கிணற்றில் குளிக்கட்டும் என்று அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு கண்டது அதை எதிர்த்துத்தான். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோவில் கதவே எல்லாருக்கும் திறந்தது. எத்தனை தலைமுறை போராடி அழித்த வார்த்தை அது! அதை 'சமூக இடைவெளி' என்று புதுப் பெயர் வைத்து வீட்டுக்கு வீடு கொண்டு வந்து கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், அப்படிச் சொல்லாதீர்கள், உடல் அளவில் இடைவெளி என்று சொல்லுங்கள், மனசு அளவில் சேர்ந்தே இருங்கள் என்று சொன்னது. யார் காதில் விழுந்தது? (கைதட்டல்)

இந்த மண் பேரிடர் பார்க்காத மண் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. குளச்சலும் மணக்குடியும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மேட்டில் இருந்தவர்கள் எல்லாம் கடற்கரையைப் பார்த்து ஓடினோம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி. மரம் விழுந்தது, ரப்பர் விழுந்தது, வாழை விழுந்தது, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அன்றைக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டோம். இந்த ஒரு பேரிடர்தான் 'ஓடாதே, தொடாதே, கையைப் பிடிக்காதே' என்று சொன்னது.

'குடும்பம் ஒன்று சேர்ந்தது' என்கிறார்களே, எங்கள் கடற்கரைக் குடும்பங்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ஈரானுக்கு மீன்பிடிக்கப் போன நம் பிள்ளைகள் 2020 பிப்ரவரி கடைசியிலிருந்தே அங்கே மாட்டிக்கொண்டார்கள். விமானம் கிடையாது, வேலை கிடையாது. இங்கே அம்மாமார் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நம் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது ஜூலை 1-ஆம் தேதி. நாலு மாதம்! வந்து இறங்கியும் உடனே வீடு இல்லை, தனிமைப்படுத்தல் முடியணும். அண்ணே, நீங்கள் தாயம் உருட்டிக்கொண்டிருந்த அதே நாலு மாதம்தான் அது. (பலத்த கைதட்டல்)

இன்னொரு கோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்தோம். எங்கள் பாட்டாவுக்குத் தலைநகர் திருவனந்தபுரம். அன்றைக்குக் களியக்காவிளையில் ஒரு கோடு போட்டு எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். போராடித்தான் சேர்ந்தோம், பெருமையாகச் சேர்ந்தோம். ஆனால் அந்தக் கோடு வரைபடத்தில்தான் இருந்தது. எங்கள் பெண் கொடுக்கல் வாங்கலில் இல்லை. மார்த்தாண்டத்தில் அண்ணன், பாறசாலையில் தங்கச்சி. இந்தப் பக்கம் நோய் வந்தால் அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா, கேன்சர் சென்டர். பஸ் ஏறினால் போய்விடலாம். அறுபத்து நாலு வருஷம் கழித்து, 2020-ல்தான் எங்களுக்கு அந்தக் கோடு முதல் முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

என் அத்தை, என் அப்பாவுக்கு ஒரே தங்கை. பாறசாலை தாண்டி ஒரு சின்ன ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. சுசீந்திரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றேகால். 2020 மே மாதம் ஒரு விடியக்காலை போன் வந்தது. அத்தை போய்விட்டார்கள். கொரோனா இல்லை, நெஞ்சுவலி.

எங்கள் பக்கம் துட்டி என்றால் சும்மா இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். துட்டிக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு இல்லாமல் போய்விடும். அதிலும் செத்தது பெண் என்றால், பிறந்த வீட்டுக் கோடி போர்த்தினால்தான் எடுப்பார்கள். எத்தனை வசதியாக வாழ்ந்தவளாக இருந்தாலும் கடைசித் துணி அண்ணன் தம்பி கொண்டு வர வேண்டும்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. துணிக்கடை ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டி, பின்வாசல் வழியாக ஒரு சேலை வாங்கி வந்தார். நான் போனில் அனுமதிக்கு விண்ணப்பம் போடுகிறேன், இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. படம் ஏற மாட்டேங்குது, நம்பர் வர மாட்டேங்குது. அப்பா திண்ணையில் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி சட்டையோடு ரெடியாக உட்கார்ந்திருக்கிறார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "வந்துட்டா மக்ளே?" என்கிறார்.

துட்டிக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று சட்டம். அங்கே ரொம்ப நேரம் வைத்திருக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு அத்தை மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மாமா, எடுக்கப் போறோம். முகத்தைப் பாத்துக்கிடுங்க." நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அப்பா எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். துட்டி வீட்டு வாசலில் எப்படி நிற்பாரோ அப்படி, எங்கள் வீட்டு ஹாலில், அந்த உள்ளங்கை அகலப் போனுக்கு முன்னால் நின்றார். படம் நடுவிலே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது வாசல் காலியாக இருந்தது.

அனுமதிச் சீட்டு மறுநாள் காலையில் வந்தது. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கோட்டில் வெயிலில் நின்ற போலீஸ்காரருக்கும் வீடு இருந்தது, தங்கை இருந்திருப்பாள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்ற நர்சுப் பிள்ளைகளும் தங்கள் குழந்தையைத் தொடவில்லை. உயிரைக் காப்பாற்ற ஊரை அடைத்தது தப்பு என்று இந்த அணி சொல்லவில்லை நடுவர் அவர்களே. அதற்கு எதை விலையாகக் கொடுத்தோம் என்றுதான் கேட்கிறோம். விலை கொடுத்ததையே 'கிடைச்சுது, கிடைச்சுது' என்று எதிரணி கணக்கு எழுதினால் எப்படி? (கைதட்டல்)

டிசம்பர் மாதம், வழியெல்லாம் திறந்த பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சேலையையும் பையில் வைத்துக்கொண்டார். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை மகள் சாயா கொண்டு வந்தாள், அழுதாள். அப்பா பையைத் திறக்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏம்ப்பா, அந்தச் சேலையை அவகிட்ட கொடுத்திருக்கலாமே?" "பைத்தியமா உனக்கு? கோடின்னு வாங்கினதை உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கொடுப்பாங்களா?" என்றார்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் கட்ட முடியாது. எரிக்கவும் அப்பாவுக்கு மனசில்லை. எங்கள் வீட்டு பீரோவில், மேல் தட்டில், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த அதே செய்தித்தாளோடு இன்றைக்கும் இருக்கிறது அந்தக் கோடி. எதிரணி நண்பர்கள் யாராவது அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துக் கொடுத்தால், நான் இந்த அணியிலிருந்து எழுந்து அந்த அணியில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார்.  (நீண்ட கைதட்டல்)