போகிற ஊரில் முதலில் உட்காருங்கள்!

(வெளிநாட்டுத் தொண்டுக்குப் புறப்படும் இளைஞர்களை வழியனுப்ப வெள்ளகோவிலில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்த் தம்பிகள் இருவர் தான்சானியாவுக்குப் போகிறார்கள். சம்பாதிக்க அல்ல. ஓராண்டு அங்கே தங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க. சம்பளம் கிடையாது; சோறும் தங்க இடமும் மட்டும். "துபாய், சவூதி என்று போனாலாவது நாலு காசு பார்க்கலாம், இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்று கடைவீதியில் பேசியவர்களில் சிலர் இதோ முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, வந்தீர்களே!

நேற்று அந்தத் தம்பிகள் என்னிடம் கேட்டார்கள்: "ஏனுங்க பாய், என்னென்ன எடுத்துட்டுப் போகோணும்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஏனென்றால், நான் ஒரு முறை தப்பான சாமானை எடுத்துப் போனவன்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள மருதமுனை பெரும் அழிவைக் கண்டது. அடுத்த சில வாரங்களில் நண்பர்கள் சிலர் சேர்ந்து அங்கே போனோம். திருப்பூர்ப் பக்கத்துக்காரன் கையில் வேறென்ன இருக்கும்? பெட்டி பெட்டியாகப் பனியனும் டி-சட்டையும்தான்! வண்டியை விட்டு இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "வரிசையில் நில்லுங்கள், குடும்பத்துக்கு ஒருவர் வாருங்கள்" என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பெரியவர் மட்டும் வரிசைக்கு வரவில்லை. என் கையைப் பிடித்து, "மகன், முதல்ல இரிங்க. தேத்தண்ணி குடிங்க" என்றார். வீட்டையே கடலுக்குக் கொடுத்த மனிதர், எனக்குத் தேநீர் தருகிறார்! குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாங்க நெய்யிற ஆக்கள் மகன். எங்களுக்கே உடுப்புக் கொண்டு வந்திருக்கீங்க. தறிய கடல் கொண்டு போயிட்டு."

சகோதரர்களே! மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரமும் சேலையும் நெய்கிற முஸ்லிம் ஊர். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த வெள்ளகோவில்காரனுக்கு அது தெரியாமல் போனது எப்படி? கேட்கவில்லை, அவ்வளவுதான். கொடுக்க வந்தவன் கேட்பானா? பனியன்கள் வீணாகவில்லை; யாரோ உடுத்தினார்கள். ஆனால் அந்தப் பெரியவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இது எனக்கு மட்டும் வந்த நோயல்ல. மொரோக்கோ நாட்டின் தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா 1343-ல் மாலத்தீவுக்கு வந்தார். காஜியாகவும் நியமிக்கப்பட்டார். அங்குள்ளவர்களும் முஸ்லிம்கள்தாம், அரியணையில் இருந்தவர் கதீஜா என்ற பெண்மணி. வந்தவர் என்ன செய்தார்? பெண்களின் உடையை மாற்ற உத்தரவு போட்டார். அது பலிக்கவில்லை என்பதைத் தம் பயண நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். மறு ஆண்டே அமைச்சரோடு மனக்கசப்பு, கப்பல் ஏறிவிட்டார். நம்மவர்தானே என்று இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அத்தனை நாடு பார்த்தவருக்கே சறுக்கியது என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

இனி வேறொருவரைப் பற்றிச் சொல்கிறேன். தோல் வியாபாரமாக ஆம்பூர், வாணியம்பாடி போய் வருகிறவர்களுக்குத் திருப்பத்தூர் தெரியும். அங்கே 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் நம் நாட்டவர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இந்தப் பேட்டன் யார் தெரியுமா? ஆலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய குடும்பம். பின்னல் நூலில் 'பேட்டன்ஸ்' என்ற பெயரைப் பல நாடுகளில் அறிவார்கள். நம் பாஷையில் சொன்னால் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை!

அந்தப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார். தரையில் உட்கார்ந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டார். தமிழில் பேசி நோயாளிகளைப் பார்த்தார். ஆசிரமத்து வழிபாட்டிடத்தைக்கூட ஐரோப்பியப் பாணியில் எழுப்பாமல், நம் தென்னாட்டுக் கோபுரப் பாணியில் கட்டினார்கள். வயதில் மூத்த ஜேசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும், இவரைச் 'சின்னண்ணன்' என்றும் அழைத்தார்கள். கவனியுங்கள்! அன்று நாட்டை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். பணமும் அந்தப் பக்கம், அதிகாரமும் அந்தப் பக்கம். ஆனாலும் இரண்டாவது இடத்தில் உட்கார அவர் கூச்சப்படவில்லை. என் கணக்கில், அவர் கட்டிய மருத்துவமனையைவிட இதுதான் பெரிய காரியம்.

1932 ஜனவரியில் சென்னிமலையில் பிறந்த நம் குமரன் திருப்பூரில் தடியடி பட்டு உயிர் துறந்தார். அதே 1932-ல், சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த நேரத்தில், கதர் உடுத்து நின்ற சின்னண்ணனையும் போலீஸ் அடித்தது; குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியது. லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சீமை நூல் குடும்பத்துப் பிள்ளை, சீமைத் துணி எதிர்ப்புக் காலத்தில், கதர்ச் சட்டைக்காக அடி வாங்குகிறார்! (தம்பிகளின் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். அடி வாங்கிவிட்டு வரச் சொல்லி நான் அனுப்பவில்லை.)

பாவு தீர்ந்தால் தறியில் என்ன செய்கிறோம்? புதுப் பாவைச் சும்மா தூக்கி வைத்தால் ஓடுமா? பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையைப் பிணைக்கிறோம். இடுப்பு ஒடிகிற வேலை. அவசரப்படுகிறவனுக்கு அது வராது.

தம்பிகளே, தான்சானியாவில் பெரியவர்களைக் கண்டால் இளையவர்கள் 'ஷிகமோ' என்று வணங்குவார்கள். பெரியவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார். நலம் விசாரித்து முடித்த பிறகுதான் காரியம் பேசுவார்கள். 'இந்த மெஷின் எங்கே, அந்த நூல் எங்கே' என்று நுழைந்தவுடன் கேட்காதீர்கள். பெண்கள் உடுத்தும் 'காங்கா' துணியின் ஓரத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரியாமல் யாருக்கும் பரிசாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிலது குத்தலாகவும் இருக்கும்! ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் உங்களுக்கு அத்துப்படிதான். இருந்தாலும் முதல் மாதம் அவர்கள் தைப்பதைப் பாருங்கள். அவர்கள் கையிலும் ஏதோ தொழில் இருக்கும்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தறிக்கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒடியா பேசுகிறவரும் வங்காளம் பேசுகிறவரும் நமக்கு ஒரே 'ஹிந்திக்காரன்'! உங்கள் கூடத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறவரின் பெயர் என்ன? ஊர் எது? பிள்ளைகள் எத்தனை? சொல்ல முடிகிறவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

சரி, தூக்க வேண்டாம். தம்பிகள் விமானம் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அவர்களை உங்கள் தறிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கிறேன். அந்தத் தொழிலாளர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடட்டும். நீங்களும் கூட உட்காருங்கள்.

தம்பிகளே, போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை பேருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பது அதில் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.