அடுத்த வீட்டுக்கு விரட்டிய குரங்கு



குறுந்தொகையில் ஒரு குரங்குக் குடும்பம் வருகிறது. ஆண்குரங்கு இறந்துபோகிறது. கைம்மைத் துயரைத் தாங்கமாட்டாத மந்தி, மரமேறிப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, மலைச்சாரலில் பாய்ந்து உயிரை விடுகிறது. கடுந்தோட் கரவீரன் என்ற புலவர் பாடியது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். ஓய்வு பெற்று, மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் பக்கத்தில் சிறு தோட்டத்தோடு கூடிய வீடொன்றில் குடியேறிய பின்னர் அந்தத் தழுதழுப்பு நின்றுவிட்டது.

காலை ஏழு மணிக்கு வருவார்கள். முதலில் கூரைத் தகரத்தில் ஒரு சத்தம். பிறகு இருபது சத்தம். பலாக்காயைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போடுவதும், குரும்பையைத் திருகி எறிவதும், தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிப்பதும் அவர்களுடைய நித்திய கருமங்கள். தின்பதை நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு கொய்யாவைத் தின்ன ஒன்பதைப் பிடுங்கி எறிவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. ஒருநாள் சமையலறை ஜன்னலால் கையை நீட்டிப் பாண் இறாத்தலை எடுத்துக்கொண்டு, என் முன்னாலேயே இரண்டு கன்னப் பைகளிலும் அடைத்துக்கொண்ட கடுவனின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வானரங்களைக் கொஞ்சிப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்குச் சமையலறை ஜன்னல் இருந்ததா என்று கேட்கத் தோன்றியது.

தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்துச் சொல்லி, மூன்றின் பெண்ணையும் மந்தி என்கிறது. நம் வீடுகளுக்கு வருவது, தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் சுழித்திருக்கும் செம்பழுப்புக் குரங்கு. சிங்களத்தில் ரிலவா. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். அழியும் அபாயத்திலுள்ளது என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. என் கூரையில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

பொலன்னறுவையில் 1968 முதல் இவற்றை ஆராய்ந்துவந்த வுல்ஃப்காங் டிட்டஸ், பெண்குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன, ஆண்கள்தாம் வளர்ந்ததும் வெளியேறுகின்றன என்று கண்டார். தாய், மகள், பேத்தி என்று பெண்வழியில்தான் கூட்டம் நிற்கிறது. மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்தது என்று பாடிய புலவரும் மலைச்சாரலில் நின்று பார்த்துத்தான் பாடியிருக்கிறார் போலும். இன்னொன்றும் ஆராய்ச்சியிலிருந்து தெரியவந்தது: மனிதன் எறியும் எச்சில் இலையும் குப்பையும் கிடைக்கிற கூட்டம், காட்டை மட்டும் நம்பிய கூட்டத்தைவிட வேகமாகப் பெருகுகிறது. ஆக, விருந்து வைத்ததும் நாம்தான்.

நானும் எல்லோரையும் போலப் பட்டாசுக்கு மாறினேன். இரண்டு வெடி போட்டால் கூட்டம் பலாமரத்தை விட்டு இறங்கிக் கீழ்ச்சரிவில் மறைந்துவிடும். வெற்றி என்று தேநீர் குடிப்பேன். ஒருநாள் கடைத்தெருவில், கீழேயுள்ள தோட்டத்து லயத்தில் வசிக்கும் அம்மா ஒருவர் என்னைக் கண்டு சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், நீங்க மேல வெடி போட்டா எங்களுக்குக் கீழ விருந்தாளி வர்றாங்க."

அந்த லயத்தில் காலை ஏழரைக்குமேல் ஆள் இருப்பதில்லை. பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். காம்பராவுக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சி, இரண்டு பப்பாசி, ஒரு கோழிக்கூடு. பழைய தகரத்தின் மேல் முப்பது குரங்கு குதித்தால் மழைக்காலத்தில் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விரட்டுவதற்கு ஆளும் நேரமும் உள்ளவன் நான். விரட்டப்பட்டது போய்ச் சேர்வதோ இரண்டும் இல்லாத வீட்டுக்கு.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம், அவரவர் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை நாடு முழுவதும் எண்ணினார்கள். நான் தாளும் பேனையுமாக முற்றத்தில் நின்றேன். முன்னதாகவே வெடி போட்டிருந்தேன். என் தாளில் பூச்சியம். லயத்தில் விடுமுறையில் வீட்டிலிருந்த பையன் எண்ணியது இருபத்துமூன்று.

அதற்குப் பிறகு செய்தித்தாளில் குரங்கைப் பற்றி எதை வாசித்தாலும் அந்தப் பூச்சியம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டினத்தில் பிடித்த குரங்கை இரவில் கூண்டோடு ஏற்றிக் காட்டோரக் கிராமத்தில் விடுவது பழைய வழக்கம். 2023 ஏப்ரலில் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்தது. வழக்குத் தொடரப்பட்டு, ஏற்றுமதி செய்யப்படமாட்டாது என்று அதே ஆண்டு நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பின்னர் தீவுகளில் விடும் யோசனை பேசப்பட்டது. எல்லாம் என் பட்டாசுதான். ஓசை மட்டும் பெரிது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் சொன்ன அன்றோ, எங்கே விரட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரீட்சார்த்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு நம்முடைய மாத்தளை மாவட்டத்தையே தெரிந்தெடுத்தார்கள். அதில் கருத்தடைக்கும் இடமுண்டு. மெதுவான வழிதான். ஆனால் அடுத்தவன் கூரைக்குத் தள்ளாத வழி.

லயத்து மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை என்று காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். கோப்பிக்காக இந்த மலைகளின் காட்டை வெட்டச் சொன்னவர்கள் வேறு, வெட்டியவர்கள் இவர்கள். காடிழந்த குரங்கும் காணியில்லாத மனிதனும் இன்று ஒரே பப்பாசிக்குப் போட்டியிடுகிறார்கள். காட்டை வெட்டி இலாபம் கண்டவரின் பரம்பரை எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறதோ, அங்கே ரிலவா இல்லை. கரையோரப் பட்டினங்களில் கடற்காகம் கையிலுள்ள தின்பண்டத்தைப் பறிப்பதாகக் கேள்வி. அது ஒரு சிறு ஆறுதல்.

இப்போது வெடி போடுமுன் அந்த அம்மாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். ஆள் இல்லாத நாளில் வெடி போடுவதில்லை. பலாக்காயில் பாதியை எழுதிவிட்டேன். குப்பைக் குழிக்கு மூடி போட்டாயிற்று. போன கிழமை ஒரு காலையில் தொலைபேசி மணி அடித்தது.

"சேர், இன்னைக்கு நாங்க லீவு. தகரத்தைத் தட்டப் போறோம். மேல வருது, ஜன்னலைச் சாத்திக்கங்க."