சாலைக்கு மேலே கட்டிடம் வருது... நிலம் கொடுத்தவனுக்கு அதுல ஒரு மாடி வருமா?

(கம்பைநல்லூர் பேரூர் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. மீம் போடுறவன். அண்ணன் பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. அதனால ஒரே ஒரு விஷயம் மட்டும்.

நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ரீல் சுத்துது, எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஜப்பான்ல ஒரு கட்டிடம், அதோட வயித்துக்கு நடுவுல நெடுஞ்சாலை போகும். "ஏஐ வீடியோ"ன்னு நாலு பேர் கமெண்ட் போட்டிருந்தாங்க. ஏஐ இல்லைங்க. ஒசாகா நகரத்துல இருக்கிற கேட் டவர். 1992-ல கட்டி முடிச்சது, 16 மாடி. 5, 6, 7-வது மாடி நெடுஞ்சாலைக்கு. லிஃப்ட் 4-ல நின்னா அடுத்து 8-லதான் நிற்கும். கீழே வாசல்ல யார் யார் குடியிருக்காங்கன்னு போர்டு இருக்கும் இல்லையா, அதுல அந்த 3 மாடிக்கு நேரா நெடுஞ்சாலை நிறுவனத்தோட பேர் போட்டிருக்கும். வாடகைதாரர் மாதிரி!

ரீல்ல சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. அந்த இடம் தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பத்துக்குச் சொந்தமானது. 1983-ல பழைய கட்டிடத்தை இடிச்சுப் புதுசா கட்டணும்னு அனுமதி கேட்டாங்க. "அந்த வழியா நெடுஞ்சாலை வருது, கிடையாது"ன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. நிலத்துக்காரங்களும் விட்டுக்கொடுக்கலை. அஞ்சு வருஷம் பேச்சுவார்த்தை. கடைசியில சாலையும் வரட்டும், உங்க கட்டிடமும் இருக்கட்டும்னு முடிவாச்சு. சட்டத்தையே மாத்தினாங்க.

நான் படிச்சது இன்ஜினியரிங்ங்கறதால ஒரு நிமிஷம் அதைப் பத்தியும் சொல்லிடறேன். பாலத்தோட தூணும் கட்டிடத்தோட தூணும் எங்கேயும் ஒட்டலை. பாலம் தனியா நிக்குது, கட்டிடம் தனியா நிக்குது. நடுவுல சத்தம் வராம, அதிர்வு வராம ஒரு உறை. லாரி போனா மேல்மாடியில டீ டம்ளர் ஆடாது. இது மந்திரம் இல்லை, செலவுதான்.

டோக்கியோவுல இதைவிடப் பெரிய கதை. போர் முடிஞ்சு 1946-ல ஒரு வளையச் சாலைக்குத் திட்டம் போட்டாங்க. அந்த இடத்துல வீடும் கடையும் நெருக்கமா இருந்ததால பல பத்தாண்டு ஒரு வேலையும் நடக்கலை. 1989-ல சாலைக்கு மேலேயும் கீழேயும் கட்டிடம் கட்டலாம்னு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நகர்ந்தது. இப்போ சாலை சுரங்கத்துல போகுது, அதுக்கு மேலே டோரனோமோன் ஹில்ஸ்னு 52 மாடி. 2014-ல திறந்தாங்க. அலுவலகம், கடை, ஹோட்டல், வீடு எல்லாம் ஒரே கோபுரத்துல. அங்கே நிலம் வச்சிருந்தவங்களுக்குக் காசை வாங்கிட்டுக் கிளம்பலாம், இல்லைன்னா புதுக் கட்டிடத்துலயே பங்கு வாங்கிக்கலாம்னு ரெண்டு வழி இருந்துச்சு. இந்த ரெண்டாவது வழியை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

சரி, தம்பி ஜப்பானைச் சொல்றான், கம்பைநல்லூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு பின்வரிசையில யாரோ கேட்கிறது தெரியுது. இருக்குங்கண்ணா.

சென்னையில இது வரப்போகுது. இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ஒரு வழித்தடம், சுமார் 47 கிலோமீட்டர். அதுல திருமங்கலத்துல ரயில் ஒரு பல மாடிக் கட்டிடத்துக்கு உள்ளேயே புகுந்து போற மாதிரி திட்டம் சொல்லியிருக்காங்க. மேலேயும் கீழேயும் கடை, அலுவலகம். நாக்பூர்ல மெட்ரோ ஏற்கனவே அப்படி ஒரு கட்டிடத்துக்குள்ள நுழைஞ்சு ஓடுது. திருமங்கலம் தெரியாதவங்க நம்ம ஊர்ல யாரு? கோயம்பேட்டுல பஸ் இறங்கின காலத்துல எத்தனை பசங்க அங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். அது வரட்டும்னு நானும் ஆசையாத்தான் காத்துக்கிட்டிருக்கேன். யார் ஆட்சியில அறிவிச்சாங்கன்னு சண்டை போட வேற குரூப் இருக்கு, அதை அங்கே வச்சுக்கலாம்.

என் கேள்வி வேற. இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி ரூபாய். அதுல பாதி நம்ம வரி, மீதி நாமளும் நம்ம பிள்ளைகளும் கட்டப்போற வெளிநாட்டுக் கடன். இந்தப் பணத்துல சாலையும் தண்டவாளமும் வந்ததாலதான் அந்த ஆகாயத்துக்கே விலை வருது. அப்போ அந்த ஆகாயம் யாருக்கு? மேலே வர்ற கடையெல்லாம் பெரிய பிராண்டுக்கு மட்டும்தானா? காரிமங்கலத்துல இருந்து மாங்காய் கொண்டுபோற சுயஉதவிக் குழுவுக்கு 10 அடி இடம் கிடைக்குமா? முதல் வேலைக்குப் போற பொண்ணுக்கு அங்கே ஒரு விடுதி இருக்குமா? ஆகாயத்துக்கு விலை போடுறதுக்கு முன்னாடியே இதை எழுத்துல வாங்கணும். கட்டி முடிச்சப்புறம் கேட்டா "டெண்டர் முடிஞ்சிருச்சு"ன்னு ஒரே வரியில பதில் வரும்.

இன்னொண்ணு, பராமரிப்பு. பெர்லின்ல நெடுஞ்சாலைக்கு மேலே சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேல வீடு கட்டினாங்க. சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டின வாடகை வீடு. ரொம்ப நல்ல விஷயம். ஆனா 2023 ஏப்ரல்ல, பாதுகாப்பு சரியில்லைன்னு அதுக்குள்ள போற சாலையை மூடிட்டாங்க. கட்டுறதுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வரும். 40 வருஷம் கழிச்சு ரிப்பேர் பார்க்க யார் காசு கொடுப்பாங்கன்னு ஒப்பந்தத்துல இருக்கணும்.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வர்றேன். 2018-ல சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், அஞ்சு மாவட்டம். அதுல தருமபுரியும் ஒண்ணு. வயலுக்கு நடுவுல கல்லு நட்டப்போ நம்ம பக்கத்து விவசாயிங்க பட்ட பாடு இங்கே இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா? 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், முறைப்படி புதுசா அறிவிக்கை விட்டு எடுக்கலாம்னு சொல்லிடுச்சு. அடுத்தது மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை. வெள்ளைக்காரன் காலத்துல குறுகிய பாதையா ஓடினது, போர்க் காலத்துல பிடுங்கிட்டாங்க. திரும்ப வரணும்னு நாம பல வருஷமா கேட்கிறோம். 2019-ல அடிக்கல் நட்டாங்க. ரயில் வேணும், அதுல மாத்துக் கருத்தே இல்லை. ஆனா பாதைக்கு அரை ஏக்கர் கொடுத்த தாத்தாவுக்கு ஒரு செக், ஸ்டேஷன் வாசல்ல கடை மட்டும் வெளியூர்க்காரருக்குன்னா அது என்ன நியாயம்?

அதனாலதான் அந்த ரெண்டாவது வழியைச் சொன்னேன். காசோட சேர்த்துப் பங்கு. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு அங்கே வர்ற கட்டிடத்துல ஒரு கடையோ, ஒரு அறையோ, பட்டா மாதிரி பதிவு பண்ணிக் கொடுக்கணும். ஆந்திராவுல அமராவதிக்கு 2015-ல நிலம் கொடுத்த விவசாயிங்களுக்கு, மேம்படுத்தின மனையாத் திருப்பித் தர்றோம்னாங்க. 2019-ல ஆட்சி மாறினதும் வேலையே நின்னுபோய் அவங்க தெருவுல இறங்கிப் போராட வேண்டியதாச்சு. அதனால வாய்வார்த்தை வேண்டாம், அரசாணையா வேணும். ஆட்சி மாறினாலும் மாறாத மாதிரி.

மாவட்ட ஆட்சியருக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் தனித்தனியா ரெண்டு மனு தயார் பண்ணியிருக்கோம். கூட்டம் முடிஞ்சதும் குரூப்ல போடுறேன். மொரப்பூர் பாதைக்கு நிலம் கொடுக்கிற குடும்பங்க சர்வே நம்பரோட நம்ம அலுவலகத்துல நேர்ல பதிவு பண்ணுங்க. சர்வே நம்பரைத் தயவுசெஞ்சு கமெண்ட்ல போடாதீங்க. எழுதத் தெரியாத பெரியவங்களுக்கு நம்ம பசங்க ஞாயிற்றுக்கிழமை காலையில வீட்டுக்கே வருவாங்க. கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சுக் காட்டுவாங்க. படிச்சுக் காட்டலைன்னா போடாதீங்க, என்கிட்ட சொல்லுங்க.

அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறாங்க.