படியின் உயரம் பெருமை அல்ல
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் கம்யூனிட்டி ஹாலில் காலை ஆறரை மணிக்கு நடக்கும் ஸ்டெப் ஏரோபிக்ஸ் வகுப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். அந்த வகுப்பில் வயதில் மூத்தவன் நான்தான். முழங்காலைக் கெடுத்துக்கொண்டவனும் நான்தான்.

இந்தப் பயிற்சி பிறந்ததே ஒரு முழங்கால் வலியில்தான். 1980களின் இறுதியில் ஜின் மில்லர் என்ற அமெரிக்க ஏரோபிக்ஸ் ஆசிரியைக்கு முழங்காலில் அடிபட்டது. கால் தசை வலுப்பட, பால் கிரேட் ஒன்றின் மேல் ஏறி இறங்கும்படி அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். அதையே அவர் இசையோடு சேர்த்துப் பயிற்சியாக்கினார். பிறகு ரீபாக் நிறுவனம் அதைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோனது.

செய்முறை எளிது. வலது கால் மேலே, இடது கால் மேலே. வலது கீழே, இடது கீழே. பலகையின் உயரம் 4 அங்குலம். அடியில் கட்டை கொடுத்து 6, 8 என்று உயர்த்தலாம்.

நான் சறுக்கியது அங்கேதான். பக்கத்தில் நின்ற தம்பி 8 அங்குலம் வைத்தார் என்று நானும் வைத்தேன். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. இரண்டு வாரம் வீட்டோடு கிடந்தேன். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் கட்டைகளை உருவி எடுக்க எனக்கு அவ்வளவு வெட்கம். ஆனால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் கவனம் அவரவர் காலில்!

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முழுப் பாதமும் பலகையில் பதியட்டும். குதிகால் வெளியே தொங்கக் கூடாது. பலகையை ஒட்டியே இறங்குங்கள். ஏறும்போது முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் உயரம் அதிகம் என்று பொருள். முதலில் ஏறும் காலை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு பக்கக் கணக்கும் டேலி ஆக வேண்டும். மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். வலித்தால் நிறுத்துங்கள்.

தினமும் ஹால் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நான்கைந்து பேரை எனக்குத் தெரியும். இத்தனை நாள் கடைசி வரிசையில் நின்றேன். நாளை முதல் 4 அங்குலப் பலகையோடு முன்வரிசையில் நிற்கப்போகிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள்.